வேலி போட்ட விளையாட்டு



தஞ்சோங் பகார் என்றதும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பழைய ரயில் நிலையமாகத்தான் இருக்கும். 1932இல் திறக்கப்பட்டு, 2011 ஜூன் மாதக் கடைசியில் மூடப்படும் வரையில், குளுவாங், லாயாங் லாயாங், கூலாய் என்று ஜோகூர்த் தோட்டப் பகுதிகளில் ரயிலேறியவர்கள் சிங்கப்பூரில் வந்து இறங்கிய இடம் அது. நிலையத்துக்கு எட்டிய தூரத்தில் துறைமுகம். தமிழ்த் தொழிலாளர்கள் மூட்டை சுமந்த துறைமுகம். 1972 ஜூன் 23ஆம் நாள் ‘நிஹோன்’ என்ற கப்பல் அங்கு வந்து சரக்குப் பெட்டிகளை இறக்கியது. அதிலிருந்து மூட்டைக் காலம் போய்ப் பெட்டிக் காலம் பிறந்தது.

அந்தப் பெயரின் பொருள் பலருக்குத் தெரிந்திருக்கும். மலாய் மொழியில் தஞ்சோங் என்றால் கடல்முனை. பகார் என்றால் வேலி. மீனவர்கள் கடலில் ஊன்றிய கழிகளால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள் சிலர். வேறு சிலர் ஒரு பழங்கதை சொல்வார்கள். ‘செஜாரா மெலாயு’ என்னும் பழைய மலாய் நூலிலும் அந்தக் கதை உண்டு. தோடாக் என்னும் கூர்மூக்கு மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரையை நோக்கிப் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றனவாம். மன்னர் என்ன செய்தார்? ஆட்களைக் கரையோரம் வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கால்களையே வேலியாக்கினார். மீன்கள் நிற்கவில்லை, கால்கள்தாம் துளைபட்டன. அப்போது ஒரு சிறுவன், கால்களை நிறுத்துவதற்குப் பதில் வாழைத்தண்டுகளை நடலாமே என்றான். நட்டார்கள். மீன்களின் மூக்குகள் தண்டில் செருகிக்கொண்டு அசையமுடியாமல் நின்றன. (அந்தச் சிறுவனின் புத்தியைக் கண்டு பயந்து மன்னர் பிறகு அவனைக் கொல்லச் செய்தார் என்பது கதையின் மிச்சம். அது வேறு துக்கம்.)

இன்று நாம் பேச வந்ததும் ஒருவகை வேலியைப் பற்றித்தான். கணிப்பொறி விளையாட்டுகளைக் களவாகப் படியெடுக்காமல் தடுப்பதற்கு அவற்றைச் செய்தவர்கள் போட்ட வேலி அது. அது சில சமயம் வாழைத்தண்டு வேலியாக இருந்தது. பல சமயம் கால் வேலியாக இருந்தது. காசு கொடுத்து வாங்கியவனின் காலையே துளைத்தது.

இதில் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். மகனோ மகளோ சிங்கப்பூரில் வேலை செய்து, லீவுக்கு வரும்போது தம்பிக்கு ஒரு விளையாட்டுத் தட்டு வாங்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை 60, 70 வெள்ளி. வீட்டில் பையன் ஆவலோடு தட்டைப் போடுகிறான். “இணையத்தோடு இணைக்கவும்” என்று ஒரு வரி திரையில் வருகிறது. தோட்டத்தில் லைன் கிடையாது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறினால் கைப்பேசிக்கு மட்டும் கொஞ்சம் கிடைக்கும். தட்டு இருக்கிறது, பெட்டி இருக்கிறது, ரசீது இருக்கிறது. விளையாட்டு மட்டும் இல்லை. இப்படி ஏன் நடக்கிறது என்பது தெரிந்திருந்தால், 70 வெள்ளியைக் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் அல்லவா?

முதலில் களவைப் பற்றி. பால்மரத்து மங்கிலிருந்து ஒருவன் பாலைத் திருடினால் மங்கு காலியாகிவிடும். பால் எடுக்க வந்தவருக்கு உடனே தெரிந்துவிடும். கணிப்பொறி விளையாட்டை ஒருவன் படியெடுத்தால், மூலம் அப்படியே இருக்கும். எந்த மங்கும் காலியாவதில்லை. ஆகவே படியெடுப்பவனுக்குத் திருடுகிறோம் என்ற எண்ணமே வருவதில்லை. ஆனால் ஒரு விளையாட்டைச் செய்யப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். படம் வரைபவர், இசை அமைப்பவர், நிரல் எழுதுபவர், பிழை பார்ப்பவர் எல்லோருக்கும் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் விற்பனையிலிருந்துதான் வரவேண்டும். 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. தம் நிறுவனம் செய்த நிரலைப் பயன்படுத்துகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்குக் காசு கொடுக்கவில்லை என்பதுதான் அவருடைய குறை. இந்தச் சண்டை அன்றே தொடங்கிவிட்டது.

சிங்கப்பூரும் இந்தக் கதைக்கு அந்நியம் அல்ல. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அங்கே படியெடுத்த ஒலிநாடாக்கள் தாராளமாகக் கிடைத்தன. பெட்டிக்கடையிலும் பாசார் மாலாமிலும் வாங்கலாம். நமது தோட்டங்களில் ஒலித்த பாட்டு நாடாக்களில் எத்தனை அசல், எத்தனை படி என்று யாரும் கேட்டதில்லை. சட்டமோ பழையது. 1911இல் பிரிட்டனில் இயற்றிய பதிப்புரிமைச் சட்டத்தை வைத்தே சிங்கப்பூர் காலம் தள்ளியது. கணிப்பொறி என்ற ஒன்றை அந்தச் சட்டம் கனவிலும் கண்டிருக்காது. அமெரிக்கா இதைப் பற்றி ஓயாமல் குறைகூறி வந்தது. வணிகச் சலுகைகளையும் இதோடு முடிச்சுப் போட்டது. கடைசியில் சிங்கப்பூர் தனக்கென ஒரு பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றி, 1987 ஏப்ரல் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அதே 1987இல் மலேசியாவும் புதிய பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. குறுந்தட்டுக் களவு பெருகியபிறகு, தட்டு அச்சடிக்கும் ஆலைகளைக் கட்டுப்படுத்த 2000இல் தனிச்சட்டமே போட்டது.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே வேலிகள் வந்துவிட்டன. அவற்றில் சில வேடிக்கையானவை. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1980களில் வீட்டுக் கணிப்பொறி விளையாட்டுகள் சாதாரண ஒலிநாடாவில் வந்தன. பாட்டு நாடாவைப் படியெடுக்கும் கருவியிலேயே இவற்றையும் படியெடுக்கலாம். நாடாவுக்குப் பூட்டுப் போட முடியாது. ஆகவே பூட்டை நாடாவுக்கு வெளியே வைத்தார்கள். 1984இல் பிரிட்டனில் ‘ஜெட் செட் வில்லி’ என்றொரு விளையாட்டு வந்தது. அதோடு பல வண்ணக் கட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டையும் வந்தது. விளையாட்டைத் தொடங்கினால், அட்டையில் இன்ன கட்டத்தில் என்னென்ன வண்ணங்கள் என்று கேட்கும். சரியாகச் சொன்னால்தான் கதவு திறக்கும். அப்போது வண்ண நகல் எடுக்கும் இயந்திரம் சாமானியர் கைக்கு எட்டாது. கறுப்பு வெள்ளை நகலில் எல்லாக் கட்டமும் ஒரே சாம்பல் நிறம். நல்ல யோசனைதான். ஆனால் நிறக்குருடு உள்ள பிள்ளை என்ன செய்யும் என்று யாரும் நினைக்கவில்லை போலும். பொறுமையுள்ள பையன்கள் அட்டையையே எழுத்துகளாகக் கையால் எழுதிப் பள்ளியில் பகிர்ந்துகொண்டார்கள் என்பதும் உண்டு.

அடுத்த ஆண்டு ‘எலீட்’ என்ற விளையாட்டின் ஒரு பதிப்போடு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடித் துண்டு வந்தது. திரையில் எழுத்துகள் சிதறித் தெரியும். அந்தத் துண்டைத் தொலைக்காட்சியின்மேல் வைத்துப் பார்த்தால் சிதறியது ஒன்றுசேர்ந்து இரண்டு எழுத்துகள் தெரியும். அவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டும். தொலைக்காட்சி மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருந்தால் ஒன்றும் தெரியாது. அதைவிடக் கொடுமை, சில பெட்டிகளில் வேறு விளையாட்டுக்குரிய துண்டைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். முழு விலை கொடுத்தவர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

1989இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வில் புத்தகமே சாவி. கதாநாயகன் பல மதுக்குப்பிகள் இருக்கும் அறைக்குள் வருவான். கையேட்டில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல், அதன் முதல் எழுத்து எதுவோ அந்த எழுத்துள்ள குப்பியைக் குடிக்கவேண்டும். தவறானதைக் குடித்தால் சாவான். 1990இல் வந்த ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டோடு, சுழற்றிப் பார்க்கும் இரட்டை வட்ட அட்டை வந்தது. மேல் வட்டத்தையும் கீழ் வட்டத்தையும் சுழற்றி ஒரு கடற்கொள்ளைக்காரனின் முகத்தைச் சேர்த்தால், கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும். இவை வாழைத்தண்டு வகை என்பது என் எண்ணம். அட்டை தொலையாமல் இருந்தால் யாருக்கும் காயம் இல்லை. இணையம் வேண்டாம், யாரையும் கேட்கவேண்டாம்.

நெகிழ்தட்டு வந்தபின் பூட்டைத் தட்டுக்குள்ளேயே வைக்க வழி கிடைத்தது. அதில் ஒரு முறையை மட்டும் விளக்குகிறேன், ஏனென்றால் அது அழகானது. தட்டில் செய்திகள் காந்தக் குறிகளாகப் பதிகின்றன. ஒவ்வொரு குறியும் ஒன்று அல்லது சுழி. ஆலையில் தட்டு செய்யும்போது, ஓரிடத்தில் மட்டும் குறியை வேண்டுமென்றே மங்கலாகப் பதித்தார்கள். ஒன்றும் அல்ல, சுழியும் அல்ல. அந்த இடத்தை ஒருமுறை படித்தால் ஒன்று என்று வரும். மறுமுறை படித்தால் சுழி என்று வரும். சாதாரணக் கணிப்பொறியால் அப்படி மங்கலாக எழுத முடியாது. அது படியெடுக்கும்போது, அந்த நேரத்தில் தனக்குக் கிடைத்ததைத் தெளிவாக எழுதிவிடும். ஆகவே விளையாட்டு அந்த இடத்தைப் பலமுறை படித்துப் பார்க்கும். விடை மாறிமாறி வந்தால் அது அசல். ஒரே விடை வந்துகொண்டிருந்தால் அது படி. 1987இல் வந்த ‘டஞ்சன் மாஸ்டர்’ இப்படித்தான் தன்னைக் காத்துக்கொண்டது. அதுவும் தொடக்கத்தில் மட்டும் சோதிக்காமல், ஆட்டத்தின் நடுவிலும் அங்கங்கே மறைவாகச் சோதித்தது. பூட்டு உடைப்பவர்களை நீண்ட நாள் அலைக்கழித்த வேலி அது.

நெகிழ்தட்டுக் காலத்தில் நமது பக்கத்திலும் ஒரு சம்பவம் நடந்தது. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் கணிப்பொறிக் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள், தாங்கள் செய்த மருத்துவ நிரலை ஆட்கள் படியெடுக்கிறார்களே என்று அதைக் கண்காணிக்க ஒரு சிறு நிரலை எழுதினார்கள். தங்கள் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்தார்கள். அது தட்டிலிருந்து தட்டுக்குத் தாவி, வெளிநாடுகள் வரை பரவிவிட்டது. ‘பிரெயின்’ என்று பெயர் பெற்ற அதுதான் அந்த வகைத் தனியாள் கணிப்பொறிகளில் உலகெங்கும் பரவிய முதல் வைரஸ். வேலிக்கு நட்ட முள் ஊரெல்லாம் முளைத்த கதை.

இனி இணையத்துக்கு வருவோம். நமது வீட்டுப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

பெட்டியின்மீது ஓர் எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணைத் தட்டினால்தான் விளையாட்டு பதிவாகும். ஆனால் ஒரே எண்ணை நூறு பேர் எழுதிக்கொள்ளலாமே? அதைத் தடுக்கத்தான் ‘இணையவழிச் செயலாக்கம்’ வந்தது. 2001இல் மைக்ரோசாஃப்ட் தன் ‘விண்டோஸ் எக்ஸ்பி’யில் இதை வீட்டுக் கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தபோது உலகம் முழுவதும் இது பழக்கமாயிற்று. வேலை நடக்கும் விதம் இப்படி: கணிப்பொறியின் உள்ளே இருக்கும் உறுப்புகளின் அடையாளங்களையெல்லாம் சேர்த்து நிரல் ஓர் எண்ணை உண்டாக்குகிறது. அதைக் கணிப்பொறியின் கைரேகை என்று சொல்லலாம். அந்தக் கைரேகையையும் பெட்டியின் எண்ணையும் இணையம் வழியாக நிறுவனத்தின் தலைமைக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. அங்கே ஒரு பேரேடு இருக்கிறது. இந்த எண் இதற்குமுன் எத்தனைக் கணிப்பொறிகளில் பதிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். கணக்கு சரியாக இருந்தால் ஒரு முத்திரைச் சீட்டு திரும்பி வருகிறது.

அந்த முத்திரையைக் கள்ளத்தனமாகச் செய்துகொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். துரையின் கையெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராணியாருக்கும் மண்டோருக்கும் அதைப் பார்த்தால் அடையாளம் தெரியும். ஆனால் துரையைப்போல யாரும் போட முடியாது. இங்கே கணக்கு முறையால் அதைவிடப் பலமான முத்திரை போடுகிறார்கள். போடும் சாவி நிறுவனத்திடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் சாவி விளையாட்டுக்குள் இருக்கும். சரிபார்க்கும் சாவியை வைத்துப் புது முத்திரை செய்யமுடியாது. ஆகவே களவாளிகள் முத்திரையைத் தொடுவதில்லை. முத்திரையைப் பார்க்கச் சொல்லும் இடத்தையே நிரலிலிருந்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதாவது கையெழுத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சோதிக்கும் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் எந்த வேலியும் நிரந்தரமாக நிற்பதில்லை.

இதில் இரண்டு வகை உண்டு. அந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். ரயிலில் ஏறும்போது ஒருதரம் டிக்கெட்டைத் துளைத்துவிட்டு, பிறகு ஊர்போய்ச் சேரும் வரை யாரும் கேட்காவிட்டால் அது ஒரு வகை. முதல்நாள் மட்டும் இணையம் வேண்டும், பிறகு வேண்டாம். இன்னொரு வகை, தோட்டத்துப் பெரட்டு. நேற்று வந்தாயா என்பது கணக்கில்லை; இன்று விடியற்காலை பெயர் கூப்பிடும்போது “இருக்கேன்” என்று குரல் கொடுத்தால்தான் இன்று பேர் விழும். சில விளையாட்டுகள் ஒவ்வொரு முறையும், சில ஒவ்வொரு நிமிடமும் இப்படிப் பெரட்டு எடுக்கின்றன.

2004 நவம்பரில் ‘ஹாஃப் லைஃப் 2’ என்ற விளையாட்டு வந்தது. தட்டில் வாங்கினாலும் ‘ஸ்டீம்’ என்ற இணையச் சேவையில் பதிந்தால்தான் ஓடும். வெளியான அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் பதிய வந்ததால் நெரிசல் ஏற்பட்டு, பலர் காத்துக் கிடந்தார்கள். 2008 செப்டம்பரில் ‘ஸ்போர்’ வந்தது. ஓர் எண்ணை மூன்று முறைக்குமேல் பதியமுடியாது என்று கட்டுப்பாடு. கணிப்பொறி பழுதாகி மாற்றினாலும் கணக்கில் ஒன்று குறையும். வாங்கியவர்கள் கொதித்தார்கள், ‘அமேசான்’ கடையில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டினார்கள். நிறுவனம் மூன்றை ஐந்தாக்கியது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பூட்டு உடைத்த படி, விற்பனை தொடங்குமுன்பே வெளியே வந்துவிட்டது. அந்த ஆண்டில் உலகிலேயே மிக அதிகமாகக் களவாக இறக்கப்பட்ட விளையாட்டு அதுதான் என்றும், 17 லட்சம் முறை இறக்கப்பட்டது என்றும் ஒரு கணக்கு வெளியாயிற்று. மூன்று முறைக் கட்டுப்பாடு யாரைக் கட்டியது? காசு கொடுத்தவரை மட்டும்தான்.

பெரட்டு வகைக்கு 2010 ஒரு நல்ல உதாரணம். பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ விளையாட்டின் கணிப்பொறிப் பதிப்பில், தனியாக ஒருவர் ஆடும் ஆட்டத்துக்கும் இணையத்தொடர்பு அறாமல் இருக்கவேண்டும் என்று வைத்தது. லைன் போனால் ஆட்டம் நின்றுவிடும். மார்ச் மாதத்தில் சிலர் அந்த நிறுவனத்தின் தலைமைக் கணிப்பொறிகளைத் தாக்கவே, சொந்த வீட்டில், சொந்தத் தட்டில், ஒழுங்காக வாங்கியவர்கள் ஆடமுடியாமல் போயிற்று. 2013 மார்ச்சில் ‘சிம் சிட்டி’க்கும் இதே கதி. இணையம் இல்லாமல் இந்த விளையாட்டு இயங்கவே இயங்காது என்று தோன்றும்படி பேசினார்கள். ஓராண்டு கழித்து 2014இல் அவர்களே இணையமின்றி ஆடும் வழியைக் கொடுத்தார்கள். அப்படியானால் முதலிலேயே கொடுத்திருக்கலாமே!

அதே யூபிசாஃப்ட் 2008இல் சிங்கப்பூரில் ஒரு கிளையைத் தொடங்கியது. அங்கே பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ 2024 பிப்ரவரி 16இல் வெளியாயிற்று. இந்துமாக்கடலில் கப்பலோட்டும் கடற்கொள்ளைக்காரர்கள்தாம் கதாநாயகர்கள். தஞ்சோங் பகார் இருக்கும் நகரத்தில் கப்பல் விளையாட்டு பிறந்ததில் வியப்பில்லை. ஆனால் கொள்ளைக்காரனாக ஆடுவதற்கும் இணைய அனுமதி எப்போதும் இருக்கவேண்டும்; லைன் இல்லாத வீட்டில் கப்பல் நகராது. பலர் கூடி ஆடும்படி அமைத்த விளையாட்டு என்பதால் அதை அவ்வளவு குறை சொல்ல முடியாது. ஊர்கூடி இழுக்கும் தேரை வீட்டுக்குள் இழுக்கமுடியாதல்லவா? தனியாளாக ஆடும் ஆட்டத்துக்குப் பெரட்டு எடுப்பதைத்தான் நான் நியாயம் என்று ஒப்புவதில்லை.

இன்னொரு தொல்லை, வேலிக்காரன் கடையை மூடிவிட்டுப் போவது. 2014இல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் ஓட்டும் விளையாட்டின் தலைமைக் கணிப்பொறிகளை 2024 மார்ச் 31ஆம் நாள் நிறுத்திவிட்டார்கள். அன்றோடு தட்டு வெறும் பிளாஸ்டிக். இதை எதிர்த்து ‘விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்’ என்ற இயக்கம் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கேட்டு அவர்கள் திரட்டிய கையெழுத்துகள் 2025இல் 10 லட்சத்தைத் தாண்டின. இது போதாதென்று, குறுந்தட்டுக் காலத்துப் பூட்டுகள் சில கணிப்பொறியின் அடிமட்டம்வரை போய் உட்கார்ந்திருந்தன. அவை பாதுகாப்புக்கு ஓட்டை என்று கருதி, 2015இல் ‘விண்டோஸ் 10’ அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. அந்தப் பழைய தட்டுகளை அசலாக வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் கையில் ஓடாத தட்டு.

உடைத்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்பார்கள். சட்டம் அங்கே குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவுடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கைக்குப் பிறகு, 2005 முதல் சிங்கப்பூரில், படியெடுப்பது மட்டுமல்ல, இத்தகைய பூட்டை உடைப்பதும் உடைக்கும் கருவியை விற்பதும் தனிக் குற்றம். 2021இல் வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. அமெரிக்காவில் 2015இல் ஒரு சிறு விலக்கு கொடுத்தார்கள்: நிறுவனமே தலைமைக் கணிப்பொறியை மூடிவிட்டால், சட்டப்படி வாங்கியவர் தன் தனி ஆட்டத்துக்காகப் பூட்டைக் கழற்றலாம். சட்டத்தை விடுங்கள், இலவசமாகப் பூட்டு உடைத்துக் கொடுப்பவன் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? அந்த நிரலை ஓடவிடும்போது வைரஸ் தடுப்பை நிறுத்திவை என்பான். அதே கணிப்பொறியில்தான் அக்காவின் வங்கிக் கணக்கும் திறக்கிறது.

எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி அல்ல. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2008இல் பூட்டே இல்லாமல் விளையாட்டு விற்கும் ஓர் இணையக் கடையைத் திறந்தது. ஜிஓஜி என்று அதற்குப் பெயர். ஒருமுறை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால் போதும். இணையமே இல்லாத வீட்டிலும் நிறுவலாம். அவர்களுடைய ‘தி விட்சர் 3’ 2015இல் பூட்டில்லாமலே வெளியாகி, உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்றது. களவு நடக்காமலா இருந்தது? நடந்திருக்கும். வாங்குகிறவர்களும் வாங்கினார்கள்.

இனி, கடைக்குப் போகும்போது செய்யவேண்டியது. பெட்டியின் பின்புறம் அல்லது இணையக் கடையின் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். ‘இணையத்தொடர்பு தேவை’ என்று மட்டும் இருந்தால் போதாது, கடைக்காரரிடம், “தம்பி, இதுக்கு லைன் முதல்நாள் மட்டும் வேணுமா, எப்போதும் வேணுமா?” என்று கேளுங்கள். முதல்நாள் மட்டும் என்றால், பட்டணத்தில் உறவினர் வீட்டிலேயே கணிப்பொறியில் பதிந்து, முழுவதையும் இறக்கிக்கொண்டு தோட்டத்துக்கு எடுத்துவரலாம். தட்டில் இருப்பது பாதிதான், மீதியை இணையத்தில் இறக்க வேண்டும் என்று இருக்கும் விளையாட்டுகளும் உண்டு. எவ்வளவு இறக்க வேண்டும் என்றும் கேளுங்கள். பழைய தட்டை மலிவு விலையில் வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். விளையாட்டுப் பெட்டிக்கான தட்டுகள் பலவும் கைமாறினாலும் ஓடும். ஆனால் கணிப்பொறிக்கான தட்டின் எண்ணை முன்பு வாங்கியவர் தம் பெயரில் பதிந்திருந்தால், அது உங்களுக்கு உதவாது.

கணக்குத் தொடங்கும்போது பிள்ளையின் கூட்டாளி பெயரிலோ கடைக்காரர் பெயரிலோ தொடங்க விடாதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரின் மின்னஞ்சலில் தொடங்கி, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, பேங்குப் புத்தகத்தோடு வையுங்கள். கணக்குப் போனால், அதில் வாங்கிய எல்லாமும் போயிற்று. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ஒரு சட்டம், இப்படி விற்பவர்கள் ‘வாங்குங்கள்’ என்று மட்டும் எழுதிவைக்காமல், நீங்கள் பெறுவது பயன்படுத்தும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. நமது பக்கத்தில் வாங்கும்போது அதை நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ‘ஸ்டீம்’ கடையில் வாங்கியது வீட்டில் ஓடவில்லையென்றால், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆடாமல் இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015 முதல் அந்த வசதி இருக்கிறது. நாள் எண்ணுவது வாங்கிய தேதியிலிருந்துதான். ஆகவே தீபாவளிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு மாதம் முன்பே வாங்கித் திறக்காமல் வைத்திருந்தால், ஓடவில்லை என்று தெரியவரும்போது அந்தக் கெடு தாண்டியிருக்கும்.